பாரம் குறைந்தால் பலன் குறையுமா?

ஜுவாங்சி என்ற பழைய சீன நூலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தோட்டக்காரக் கிழவர் வருகிறார். கன்பூசியஸின் சீடர் ஸிகோங் தெற்கே பயணம் போய்த் திரும்பும் வழியில், ஹான் ஆற்றுப் பக்கம் அவரைப் பார்க்கிறார். கிணற்றுக்குள் இறங்கிப் போக மண்ணைக் குடைந்து வழி வெட்டி வைத்திருக்கிறார் கிழவர். அதில் இறங்கி, குடத்தில் நீர் மொண்டு, அதை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்து பாத்தியில் ஊற்றுகிறார். மறுபடியும் இறங்குகிறார். பாடு பெரிது, பாய்ந்த தண்ணீரோ கொஞ்சம். ஸிகோங்குக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரே நாளில் நூறு பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறி ஒன்று இருக்கிறதே, உங்களுக்கு வேண்டாமா என்று கேட்கிறார். மரத்தால் செய்தது, பின்பக்கம் கனம், முன்பக்கம் லேசு என்று அதை விவரிக்கவும் செய்கிறார். நம்மூர் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அது ஏற்றம். யாழ்ப்பாணத்தில் அதுவே துலா. எகிப்தில் தெய்ர் எல்-மதீனாவில் இபூய் என்ற சிற்பியின் கல்லறைச் சுவரில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீட்டிய ஓவியத்திலும் ஒரு தோட்டக்காரர் இதே பொறியால் நீர் இறைக்கிறார்.

கிழவருக்கு முதலில் கோபம் வருகிறது, பிறகு சிரிப்பு வருகிறது. பொறி வந்தால் பொறியைச் சார்ந்த காரியங்கள் வரும், அந்தக் காரியங்களோடு பொறியைப் போன்ற நெஞ்சும் வந்துவிடும், அப்படிப்பட்ட நெஞ்சில் தூய்மை தங்காது என்று தம் ஆசிரியர் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொல்கிறார். ஏற்றத்தைப் பற்றித் தமக்குத் தெரியாமல் இல்லை, அதைத் தொடத்தான் வெட்கமாக இருக்கிறது என்கிறார். இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் அடித்தளத்தையே மாற்றியவர்களில் ஒருவரான வெர்னர் ஹைசன்பர்க், 1955இல் வெளியான தம் நூலில் இந்தக் கதையை எடுத்துப் பேசியிருக்கிறார். அணுகுண்டைப் பார்த்துவிட்ட தலைமுறைக்கு அந்தக் கிழவரின் பயம் பழங்கதையாகத் தோன்றவில்லை. ஆனால் கிழவர் பயந்தது அணு உலையைப் பார்த்து அல்ல, ஒரு மரத்தையும் கயிற்றையும் பார்த்து. ஆகவே கேள்வியை அதன் எளிய வடிவத்திலேயே கேட்க வேண்டும். ஒரு நெம்புகோல், ஒரு கப்பி, ஒரு சாய்தளம் வேலையை இலகுவாக்கும்போது, அந்த வேலையில் இருந்த அறமோ புண்ணியமோ ஏதாவது கழிந்துபோகிறதா? கழிந்துபோவதில்லை என்பது என் முடிவு. அதற்கான முதல் காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது.

நூறு கிலோ எடையுள்ள கல் ஒன்றைக் கடப்பாரையால் நெம்புவதாக வைத்துக்கொள்வோம். கடப்பாரைக்கு அடியில் வைத்த முட்டிலிருந்து கல் இருபது சென்டிமீட்டர் தள்ளியும் கை ஒரு மீட்டர் தள்ளியும் இருந்தால், இருபது கிலோவைத் தூக்கும் அழுத்தமே போதும். கல் அசைந்துவிடும். ஆனால் அதைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தக் கை ஐம்பது சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நூறைப் பத்தால் பெருக்கினாலும் இருபதை ஐம்பதால் பெருக்கினாலும் ஆயிரம்தான். சிறு விசை பெரும் பாரத்தை அசைப்பது கிரேக்கர்களுக்கு வெகுகாலம் ஒரு விந்தையாகவே இருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பொறியியல் நூல் அந்த வியப்போடுதான் தொடங்குகிறது. ஆர்க்கிமிடீஸ் நெம்புகோலின் சமநிலையைக் கணிதமாக நிறுவினார். நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு, அச்சோடு கூடிய சக்கரம் என்று ஐந்து பொறிகளை வகுத்த அலெக்சாந்திரியாவின் ஹீரோ, விசை குறையும் அளவுக்கு வேலை தாமதமாகும் என்பதையும் கவனித்துச் சொன்னார். கி.பி. 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறிகளைப் பற்றி எழுதிய கலீலியோ இதை ஒரு கண்டிப்பாகவே மாற்றினார். இயற்கையை ஏமாற்றிச் சிறிய விசையால் பெரிய வேலையை வாங்கிவிடலாம் என்று நம்பும் கைவினைஞர்கள் தங்களைத்தான் ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்திலும் நேரத்திலும் கொடுத்தே ஆக வேண்டும். உழைக்காமல் பலன் பெறும் குறுக்குவழி என்று பொறியைக் குற்றம் சாட்டுகிறவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மொத்தமாகக் கட்ட முடியாத கடனைத் தவணையாகக் கட்டுவது போன்றது அது. ஒரு காசும் தள்ளுபடி ஆவதில்லை.

உடனே ஒரு மறுப்பு எழும். எதுவுமே மிச்சமில்லை என்றால் பிறகு எது இலகுவாகிறது? இதற்கான பதில் மனித உடம்பில் இருக்கிறது, அதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். இயற்பியல் சொல்லும் வேலையும் உடம்பு உணரும் களைப்பும் ஒன்றல்ல. நிறைகுடத்தை அசையாமல் ஏந்தி நிற்பவர் இயற்பியல் கணக்குப்படி எந்த வேலையும் செய்யவில்லை, ஏனெனில் குடம் உயரவில்லை. ஆனாலும் கை கடுக்கிறது. தசைக்குச் சும்மா பிடித்துக்கொண்டிருப்பதற்கே சக்தி செலவாகிறது. போதாததற்கு நம் முழங்கையே ஒரு நெம்புகோல், அதுவும் நமக்கு நட்டமான நெம்புகோல். மேற்கைத் தசை முன்கை எலும்பைப் பற்றியிழுக்கும் இடம் முழங்கை மூட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்த சுமையோ முப்பது சென்டிமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஐந்து கிலோவை ஏந்தத் தசை முப்பது, நாற்பது கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. கை வேகமாக வீசுவதற்கு ஏற்ற அமைப்பு இது, பாரம் தூக்க ஏற்றதல்ல. ஏற்றம் இந்த உடம்பின் குணத்தை அறிந்து செய்த பொறி. கிணற்றிலிருந்து கயிற்றால் சேந்துகிறவர் நிறைந்த வாளியைக் கைத்தசையால் மேலே இழுக்கிறார். ஏற்றத்தில் அப்படி இல்லை. வெறும் சால் கீழே இறங்கும்போதுதான் ஆள் கழியைப் பிடித்துத் தன் எடையைக் கொடுத்து அழுத்துகிறார், பின்னால் கட்டிய பாரம் மேலே போகிறது. சால் நிறைந்ததும் அந்தப் பாரம் இறங்கித் தண்ணீரைத் தூக்குகிறது. இருபது லிட்டரை ஐந்து மீட்டர் உயர்த்த ஏறக்குறைய ஆயிரம் ஜூல் வேண்டும். அது இரண்டு முறையிலும் மாறாது. அதை உடம்பின் எந்த அசைவில், எந்தத் தசையால் செலுத்துகிறோம் என்பது மட்டும் மாறுகிறது. நம் பெரிய ஏற்றங்களில் மரத்தின்மேல் ஆட்களே முன்னும் பின்னும் நடந்து பாரமாகி இறைத்தார்கள். நடப்பதற்கென்றே அமைந்த கால்களிடம், உடம்பின் வலுவான தசைகளிடம், வேலை போய்ச் சேர்ந்தது. உழைப்பு அங்கே குறையவில்லை, உடம்புக்குத் தக்கதாயிற்று.

கிழவரின் கிணற்றை இன்னொரு முறை கவனிக்கலாம். குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரு கையும் பற்றில்லாமல் மேலேறி வர முடிகிறது என்றால், அவர் வெட்டிய வழி செங்குத்தாக இருந்திருக்க முடியாது. சாய்வாகத்தான் இருந்திருக்கும். சாய்தளம் நெம்புகோலின் உடன்பிறப்பு. நீண்ட தூரத்தைக் கொடுத்துச் சிறிய விசையை வாங்கும் அதே ஏற்பாடு. வெட்கப்பட்டு மறுத்த பொறியின் மேல்தான் அவர் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறார். குடமும் கருவி, மண்ணைக் குடைந்த மண்வெட்டியும் கருவி. கருவி படாத உழைப்பு என்ற ஒன்று மனிதருக்கு இருந்ததே இல்லை. 1924இல் எந்திரங்களைப் பற்றிக் கேட்டவரிடம் காந்தி, இந்த உடம்பே மிக நுட்பமான ஓர் எந்திரம், ராட்டையும் எந்திரம், பல் குத்தும் குச்சியும் எந்திரம் என்ற பொருளில் பேசியிருக்கிறார். எந்திரத்தின் பெரிய எதிரி என்று உலகம் நினைத்த மனிதருக்கு இந்தத் தெளிவு இருந்தது. ஆகவே பொறியா தூய்மையா என்று கோடு கிழிக்க இடமே இல்லை. எந்தப் பொறி, யார் கையில் என்று கேட்கத்தான் இடம் உண்டு.

கிழவர் பக்கம் நிற்பவர் இதற்கு விட்டுக்கொடுக்க மாட்டார். கருவியை அவர் குறை சொல்லவில்லையே, எதையும் லாபக் கணக்காகப் பார்க்கும் நெஞ்சைத்தானே சொன்னார் என்பார். இது வலுவான மறுப்பு. அந்த நெஞ்சு உண்டு, அது கெடுதலானது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது மரத்திலிருந்து வருகிறதா? கதையில் அது பொறி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பாடு கொஞ்சம், பலன் அதிகம் என்று ஸிகோங் பேசும் பேச்சில் அது இருக்கிறது. அங்கே இன்னும் ஓர் ஏற்றம்கூட நடப்படவில்லை. பொறியை இயக்கியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்குச் சான்று நம்மிடமே இருக்கிறது. ஏற்றம் இறைத்தவர்கள் பாடினார்கள். பிள்ளையாரை அழைத்துத் தொடங்கி, சால்களை எண்ணிக்கொண்டே போகும் ஏற்றப்பாட்டு அந்தப் பொறியோடு பிறந்தது. எண்ணிக்கை அங்கே உண்டு, கணக்கு உண்டு, கூடவே கடவுளும் கதையும் கேலியும் உண்டு. மரத்தின்மேல் நடப்பவர் ஒரு அடி பிசகினால் விழுவார், ஆகவே கவனமும் வேண்டும். பொறி நெஞ்சைக் கல்லாக்கிவிடும் என்ற விதி இங்கே பலிக்கவில்லை. இதைச் சொல்லி அந்த வாழ்க்கையை அழகுபடுத்த நான் முயலவில்லை. விடியும் முன்பே தொடங்கிய கடும் உழைப்பு அது. பாட்டு வந்ததற்கு அந்தக் கடுமையும் ஒரு காரணம். ஆனால் தாளம் மரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து வந்தது. ஊர் திரும்பிய ஸிகோங் கிழவரின் பெருமையைச் சொன்னபோது, அவர் ஒன்றை அறிந்தவர், இரண்டாவதை அறியாதவர், உள்ளே பார்க்கிறார், வெளியே பார்க்கவில்லை என்று கன்பூசியஸ் சொன்னதாக அதே நூல் கதையைத் தொடர்கிறது. கிழவரை மேற்கோள் காட்டுவோர் பலர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

இன்னொரு மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது, அது இன்னும் ஆழமானது. மெய்வருத்தமே காணிக்கை, அதைக் குறைப்பது காணிக்கையில் கைவைப்பது என்பது அது. உழைப்பையே வழிபாடாகக் கொண்ட மரபுகள் என்ன செய்தன என்று பார்ப்பது இதற்கு நேரான பதில். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த விதி, சோம்பல் ஆன்மாவின் பகை என்று கருதி அன்றாடக் கையுழைப்பைக் கட்டாயமாக்கியது. அதே விதி, மடத்துக்குள் தண்ணீரும் தோட்டமும் மாவரைக்கும் ஆலையும் இருக்கட்டும் என்றும் சொல்கிறது. அந்த வழியில் வந்த பிரான்சின் கிளேர்வோ மடத்தைப் பற்றிய ஒரு பழைய வர்ணனை, மடத்துக்குள் திருப்பிவிட்ட ஆறு தானியம் அரைப்பதையும், கம்பளித் துணியை அடித்துத் திண்மையாக்கும் கனத்த சம்மட்டிகளைத் தூக்கிப் போடுவதையும், தோல் பதனிடுவோருக்கு உதவுவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி மகிழ்கிறது. எத்தனை குதிரைகளின் முதுகு ஒடிவது தப்பியது, எத்தனை பேரின் கை சோர்வது தப்பியது என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறது. வேலையைப் புனிதம் என்று கொண்டவர்களே நோவு தணிந்ததை அருளாகக் கண்டார்கள். நம் பக்கத்திலும் அப்பரின் திருமேனியை உழவாரப் படை இல்லாமல் யாரும் செய்வதில்லை. புல்லை வேரோடு அறுக்கும் தகடு ஓர் ஆப்பு, அதோடு சேர்ந்த நீண்ட காம்பு ஒரு நெம்புகோல். தொண்டின் அடையாளமாகத் தமிழ்ச் சைவம் தேர்ந்தெடுத்தது காய்த்துப்போன விரல்களை அல்ல, வேலையை இலகுவாக்கும் ஒரு கருவியை. அதை அவர் தோளிலேயே சார்த்தி வைத்தது.

பழனியில் இந்தக் கேள்வி தினமும் நடைமுறையில் கேட்கப்படுகிறது. அடிவாரத்திலிருந்து மலைக்கோயிலுக்குப் படிகள் இருக்கின்றன. அதே உயரத்துக்கு இன்னும் சரிவு குறைந்து, இன்னும் நீண்டு போகும் யானைப்பாதை இருக்கிறது. விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. படியேறிப் போகிறவரும் யானைப்பாதையில் போகிறவரும் தம் உடம்பை ஒரே உயரத்துக்குத்தான் தூக்குகிறார்கள். ஒருவர் குறுகிய தூரத்தில் பெரிய விசையையும் மற்றவர் நீண்ட தூரத்தில் சிறிய விசையையும் செலவிடுகிறார். இதில் யாருக்கு அருள் அதிகம் என்று கேட்டால் கேள்வியே அபத்தமாகத் தெரிகிறது. விஞ்சில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே உயர்த்துவது மின்சாரம், பக்தரின் கால் அல்ல. யானைப்பாதைக்குச் சொன்ன சமாதானம் அங்கே செல்லாது. ஆனால் முழங்கால் தேய்ந்த மூதாட்டி விஞ்சில் போய் வணங்கும்போது அவர் கொண்டுபோகும் காணிக்கை ஏறிய உயரம் அல்ல. நடந்தே வருகிறேன், காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவருக்கு வருத்தம் காணிக்கையாகிறது என்றால், அது அவர் விரும்பிக் கொடுத்ததால்தான். வலியில் தன்னளவில் புண்ணியம் இருக்குமானால், வேறு வழியில்லாமல் கல் சுமக்கிறவர்கள் எல்லாரும் ஞானிகளாகியிருக்க வேண்டும். ஜுவாங்சியின் கிழவர் தம் குடத்தைத் தாமே சுமந்தார். அந்த மட்டில் அவருடைய தேர்வு மதிப்புக்குரியது. அதையே இன்னொருவர் தோளுக்கு அறமாக விதித்தால் அது கொடுமை.

இனி உண்மையிலேயே கனமான மறுப்பு. பொறி பாரத்தைக் குறைத்தது என்கிறாய், யாருடைய பாரத்தை? அடிமைகளை உயிருள்ள கருவிகள் என்று எழுதிய அரிஸ்டாட்டில், நெசவு நாடா தானே நெய்தால் எசமானர்களுக்கு அடிமை தேவைப்படாது என்றும் எழுதினார். தெசலோனிகேயைச் சேர்ந்த அந்திபாத்தர் என்ற கிரேக்கக் கவிஞர் நீராலையைப் பாடும்போது, திரிகை சுற்றும் பெண்கள் இனி விடிந்த பின்னும் தூங்கலாம் என்று மகிழ்ந்தார். நடந்தது வேறு. இதுவரை கண்டுபிடித்த பொறிகள் ஒரு மனிதரின் அன்றாடப் பாட்டையாவது குறைத்திருக்குமா என்பது சந்தேகமே என்று 1848இல் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். பொறி மிச்சப்படுத்திய வலிமையை முதலாளி எடுத்துக்கொண்டு, மிச்சமான நேரத்துக்கும் வேலை வைத்துவிடலாம். பத்துப் பேர் வேலையை ஒருவர் செய்யும்போது ஒன்பது பேர் தெருவுக்கும் வந்துவிடலாம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது பொறியின் தன்மையில் இல்லை, உடைமையில் இருக்கிறது. ஒரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. நெம்புகோலுக்குச் சொந்த வலு கிடையாது. அது ஆளின் கையை நீட்டும், ஆளை வெளியே தள்ளாது. நிலக்கரியோ மின்சாரமோ ஓட்டும் எந்திரம் ஆளே இல்லாமல் ஓடும், அதனால்தான் அங்கே உடைமை பற்றிய கேள்வி இவ்வளவு கூர்மையாகிறது. கிழவரின் பயம் இந்த இரண்டாம் வகைக்கே பொருந்தும். ஏற்றத்தின்மேல் அவர் அதைச் சுமத்தியது இடம் தவறியது.

இதற்கு நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால், 1929இல் அகில இந்திய நூற்போர் சங்கம் வெளியிட்ட ஒரு போட்டி அறிவிப்பைத்தான் நான் முன்வைப்பேன். மேம்பட்ட ராட்டை ஒன்றைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. அறிவிப்பின் பின்னால் காந்தி இருந்தார். அதில் போட்ட நிபந்தனைகளைப் படித்தால், ஒரு பொறியிடம் அறம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிகிறது. ராட்டை லேசாக இருக்க வேண்டும், கிராமத்து வீட்டில் கையாலோ காலாலோ இயல்பாக ஓட்டும்படி இருக்க வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமமில்லாமல் அதில் வேலை செய்ய முடிய வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் இத்தனை அடி நூல், இந்தத் தரத்தில் வர வேண்டும் என்று அளவும் உண்டு. விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, பெரிய பழுதில்லாமல் இருபது ஆண்டு உழைக்க வேண்டும். நோவைப் புனிதமாக்கும் ஒரு வரிகூட அதில் இல்லை. ஓட்டுகிறவரின் உடம்பையும் வீட்டையும் வருமானத்தையும் முதலில் வைத்து, அதற்குத் தக்க பொறியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பரிசை யாரும் வெல்லவில்லை. வந்த மாதிரிகள் நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை. அதிக நூலும், குறைந்த விலையும், நோகாத உடம்பும் ஒரே பொறியில் கூடிவருவது அவ்வளவு கடினம். அதற்காகப் பரிசை அறிவித்தவர்கள் அந்த எட்டு மணி நேர நிபந்தனையைத் தளர்த்தவும் இல்லை.